பாலவனத்தம் ஜமீன்தாரும் உலகத்தின் கடைசிப் புத்தகமும்

விருதுநகரில் அருப்புக்கோட்டை பஸ் ஏறி, கோடை நாளில், ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். உலகம் அழிந்த பிறகு பூமி எப்படி இருக்கும் என்று காட்டுவதற்கு ஹாலிவுட்காரர்கள் எதற்கு இத்தனை கோடி டாலரைக் கொட்டுகிறார்கள் என்று தோன்றும். பாளம் பாளமாக வெடித்த கரிசல். தண்ணீருக்குப் பதில் சீமைக் கருவேலம் தளும்பும் கண்மாய். எதை மேய்கின்றன என்று தெரியாமல் மேய்ந்துகொண்டிருக்கும் ஆடுகள். வழியில் பாலவனத்தம் வரும். நாலைந்து பேர் இறங்குவார்கள், பஸ் கிளம்பிவிடும். இந்த ஊரின் பெயரைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் நிறைய இருப்பார்கள். 'பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர், மதுரையில் நான்காம் தமிழ்ச்சங்கம் நிறுவியவர்.' ஒரு மார்க் கேள்வி. அதற்கு மேல் அவரை யாரும் யோசிப்பதில்லை. நான் யோசித்ததும் ஓர் அமெரிக்கப் படத்தின் புண்ணியத்தில்தான்.

2010-இல் வந்த 'தி புக் ஆஃப் ஈலை' அந்தப் படம். ஆல்பர்ட், ஆலன் என்ற ஹியூஸ் சகோதரர்கள் இயக்கியது. டென்சல் வாஷிங்டன் நாயகன். அந்த நாயகன் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதே ஒரு சிக்கல். அப்படியே எழுத்துக்கூட்டினால் எலி என்ற பிராணி வந்து நிற்கும். நம் ஊர் வேதாகமம் அதை 'ஏலி' என்று தீர்த்துவைத்திருக்கிறது. சிறுவன் சாமுவேலை ஆலயத்தில் வளர்த்த ஆசாரியனின் பெயர் அது. முதுமையில் கண் மங்கிப்போனவர் அந்த ஏலி. ஞாயிறு பள்ளிக்கு ஒழுங்காகப் போன யாராவது தியேட்டரில் இருந்திருந்தால், படத்தின் முடிவை டைட்டிலிலேயே கண்டுபிடித்திருப்பார்கள்.

படம் வந்து பதினைந்து வருஷம் தாண்டிவிட்டது. முடிவைச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள். பெரும்போரில் வானம் கிழிந்து பூமி கருகி முப்பது வருஷம் ஆகிறது. குடிதண்ணீருக்குக் கொலை நடக்கிறது. இளசுகளுக்கு எழுத்தே தெரியாது. போருக்குக் காரணமே அந்தப் புத்தகம்தான் என்று சொல்லி, மிஞ்சிய ஜனங்கள் பைபிள்களைத் தேடித்தேடி எரித்துவிட்டார்கள். எஞ்சியது ஒரே பிரதி. அதை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு ஏலி மேற்கே நடக்கிறான். வழியில் ஓர் ஊர். அதைக் கட்டி ஆளும் கார்னகி என்பவன் இதே புத்தகத்துக்காக நாலா பக்கமும் ஆளனுப்பித் தேடிக்கொண்டிருக்கிறான். அந்தச் சொற்கள் கையில் இருந்தால் பசித்த ஜனங்களை எந்தப் பக்கமும் ஓட்டலாம் என்பது அவன் கணக்கு. அவனை நமக்கு அறிமுகப்படுத்தும்போது அவன் கையில் இருப்பது முசோலினியின் வாழ்க்கை வரலாறு.

அடித்துப் பிடுங்கி, பூட்டை உடைத்துத் திறந்தால் உள்ளே எழுத்தே இல்லை. புள்ளிகள். பிரெயில். அவன் வீட்டிலேயே பார்வையற்ற பெண் ஒருத்தி இருக்கிறாள்: கிளாடியா. அவளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்கிறான். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மறந்து ரொம்ப நாளாயிற்று என்று சொல்லிவிடுகிறாள். எனக்குப் பிடித்த காட்சி இதுதான். அவளுக்கு மறந்திருக்காது என்று நமக்குத் தெரியும். கண் தெரியாத ஏலியோ வெறுங்கையோடு, வயிற்றில் குண்டுக் காயத்தோடு, அல்காட்ராஸ் தீவுக்குப் படகில் போய்ச் சேர்கிறான். பழைய சிறைச்சாலையில் புத்தகங்களைச் சேகரித்துக்கொண்டிருக்கிறது ஒரு கூட்டம். அவர்களுக்கு ஆதியாகமத்தின் முதல் வசனத்திலிருந்து மனப்பாடமாகச் சொல்கிறான். எழுதிக்கொள்கிறார்கள். அச்சாகிறது. யூதர்களின் மறைநூலுக்கும் குர்ஆனுக்கும் நடுவில் அலமாரியில் போய் உட்கார்கிறது.

பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியைப் பார்த்தவர்கள் இங்கே ஒரு சின்னச் சிரிப்புச் சிரிப்பார்கள். ஆஸ்க்வித் அம்மையார் 1890-இல் தொடங்கிய பள்ளி அது. பிரெயிலில் முழு வேதாகமம் ஒருவன் முதுகுப்பையில் அடங்குகிற சங்கதி இல்லை. கெட்டித் தாளில் புடைத்த புள்ளிகள்; பெரிய பெரிய தொகுதிகளாக அலமாரித் தட்டையே அடைத்துக்கொள்ளும். ஏலி மாட்டுவண்டி கட்டிக்கொண்டுதான் போயிருக்க வேண்டும். போகட்டும், சினிமா.

போகட்டும் என்று விட முடியாத கேள்வி வேறு. தீவில் இருப்பவர்களில் ஒருவராவது, 'சொன்னது சரிதானா?' என்று கேட்பதில்லை. ஒப்பிட இன்னொரு பிரதி கிடையாது. ஏலி சொன்னதுதான் வேதம். அதுவும் எது? எபிரேயமா, கிரேக்கமா? இல்லை. 1611-இல் லண்டனில் அச்சான, ஜேம்ஸ் என்ற அரசனின் உத்தரவுப்படி ஆங்கிலேயப் பண்டிதர்கள் கூடிச் செய்த ஒரு மொழிபெயர்ப்பு. உலகமே அழிந்த பிறகு கடவுளின் குரலாக மிஞ்சியது ஒரு குழுவின் ஆங்கிலம். படம் எடுத்தவர்களுக்கு இதில் உறுத்தல் எதுவும் இருந்த மாதிரித் தெரியவில்லை.

அந்த மொழிபெயர்ப்பின் வரலாற்றிலேயே உறுத்தலுக்கு இடம் உண்டு. 1631-இல் பார்க்கர், லூகாஸ் என்ற அரச அச்சுக்காரர்கள் போட்ட பதிப்பில் ஒரு சின்னச் சொல் விழுந்துவிட்டது. பத்துக் கட்டளைகளில், விபசாரத்தைத் தடுக்கும் கட்டளையில், 'வேண்டாம்' என்ற பொருள் தரும் சொல். கட்டளை தலைகீழாகிவிட்டது. அச்சுக்காரர்களுக்கு 300 பவுன் அபராதம், உரிமமும் போயிற்று, பிரதிகளைத் தேடிப் பிடித்து அழித்தார்கள். 'பொல்லாத பைபிள்' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. ஏலி கையில் சிக்கிய கடைசிப் பிரதி அதுவாக இருந்திருந்தால் அல்காட்ராஸில் உருவாகும் புதிய நாகரிகம் எப்படி இருந்திருக்கும்?

பாடபேதம் என்ற சொல்லைத் தினமும் புழங்கிய சமூகம் நம்முடையது. ஏட்டுக்கு ஏடு சொல் மாறும் என்று தெரியும். சீவக சிந்தாமணியை 1887-இல் அச்சேற்றுமுன் உ.வே.சாமிநாதையர் ஒற்றை ஏட்டை நம்பி உட்காரவில்லை. கிடைத்த ஏடுகளையெல்லாம் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தார். அல்காட்ராஸ்காரர்கள் செய்ததைக் கேட்டால் அவருக்குத் தூக்கம் வந்திருக்காது.

எந்த ஏலி, எந்த வேதம்?

இந்தக் கதையைத் தமிழுக்குக் கொண்டுவந்து பார்த்தால்தான் சிக்கலின் ஆழம் தெரியும். ஒரு தமிழ் ஏலி நடந்து வருகிறான் என்று வையுங்கள். நெஞ்சில் முழு வேதாகமம் இருக்கிறது. எந்த வேதாகமம்?

தரங்கம்பாடியில் சீகன்பால்கு மொழிபெயர்த்து 1715-இல் அச்சு முடிந்த புதிய ஏற்பாடா? இந்திய மொழிகளில் முதலில் அச்சான புதிய ஏற்பாடு அதுதான். ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரியவை, தாளை விழுங்கின. தாளுக்கோ பஞ்சம். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈயத்தை உருக்கிச் சிறிய எழுத்துகள் வார்த்தார்கள் என்று சொல்வார்கள். அந்தச் சின்ன எழுத்தில்தான் வேதம் தமிழில் வந்தது. கடவுளுக்கு அவர் வைத்த சொல் 'சருவேசுரன்'.

இல்லை, பப்ரிசியஸின் வேதமா? புதிய ஏற்பாடு 1772-இல் வந்தது. பழைய ஏற்பாடு முழுவதும் அச்சாகி முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. நடுவில் கடன்பட்டுச் சென்னையில் சிறைக்கும் போய்வந்த மனிதர். அவருடைய மொழிபெயர்ப்பைப் பொன்னான மொழிபெயர்ப்பு என்று கொண்டாடினார்கள். லுத்தரன் சபையார் நெடுங்காலம் அதை விடவே இல்லை. அதில் கடவுள் 'பராபரன்'.

பாளையங்கோட்டையில் இருந்த ரேனியஸ், ஜனங்களுக்குப் புரிய வேண்டும் என்று அதைத் திருத்தப் புறப்பட்டபோது தஞ்சாவூரிலிருந்து ஒரு குரல் சீறியது. பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியார். அவருக்குப் பப்ரிசியஸின் சொற்கள் மொழிபெயர்ப்பு என்றே தோன்றவில்லை, வேதமே அதுதான். அதில் கைவைப்பது வேதத்தில் கைவைப்பது. ஜெர்மானியர் ஒருவர் செய்த தமிழை இன்னொரு ஜெர்மானியர் தொடக்கூடாது என்று ஒரு தமிழ்ப் புலவர் சண்டை போட்டார். கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். நாற்பது ஐம்பது வருஷம் ஒரு வாக்கியத்தைச் சொல்லி அழுதும் சிரித்தும் பிள்ளைக்குப் பேர் வைத்தும் பிணத்தைப் புதைத்தும் பழகியவர்களுக்கு அது சிரிப்பில்லை.

1871-இல் ஹென்றி பவர் தலைமையில் வந்த பதிப்பு அடுத்தது. அதில் கடவுள் 'தேவன்', ஆண்டவர் 'கர்த்தர்'. சீர்திருத்தச் சபைகளில் பெரும்பாலானவை இன்றும் வாசிப்பது இந்தப் பழைய தமிழைத்தான். கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து உழைத்து 1995-இல் 'திருவிவிலியம்' வந்தது. அதில் 'கடவுள்'. ஆதியாகமம் தொடக்கநூல் ஆயிற்று. யாத்திராகமம் விடுதலைப் பயணம் ஆயிற்று. சங்கீதங்கள் திருப்பாடல்கள் ஆயின. தமிழ் நன்றாக இருக்கிறது, எளிதாகவும் இருக்கிறது. ஆனாலும் தென்மாவட்டக் கிராமத்துக் கோயிலில் புதிய மொழிபெயர்ப்பில் சங்கீதம் வாசித்தால், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி ஒருத்தி முன்வரிசையில் பழைய மொழிபெயர்ப்பில் வாய்க்குள் சொல்லிக்கொண்டு வருவாள். இரண்டும் பொருந்தாத இடத்தில் நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பாள். நம் ஊர் ஏலி அந்தப் பாட்டிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவள் மட்டும் மிஞ்சினால், மிஞ்சப்போவது பவர் பதிப்பு.

உலகம் அழியும் கதைக்கே பெயர் தந்த கடைசி ஆகமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'அபோகலிப்ஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்குத் திரைவிலக்குதல் என்றுதான் பொருள். அழிவு என்று பொருளே இல்லை. ஆங்கிலக்காரன் காதில் அந்தச் சொல் நாளடைவில் குண்டும் புகையுமாக மாறிவிட்டது. தமிழில் அந்த விபத்து நடக்கவில்லை. பழைய பதிப்பில் 'வெளிப்படுத்தின விசேஷம்', புதியதில் 'திருவெளிப்பாடு'. இரண்டுமே மூலத்துக்குப் பக்கத்தில் நிற்கின்றன. அதனால்தானோ என்னவோ, நம் சினிமாக்காரர்கள் உலக அழிவுப் படத்துக்குப் பெயர் தேடும்போது அந்தப் பக்கம் போவதில்லை. பிரளயம், ஊழி, கலி என்று வேறு பக்கம் போய்விடுகிறார்கள்.

பஞ்சத்துக்குப் பிறகு ஓர் ஊமைச் சிறுவன்

பிரளயத்துக்கு இந்த வட்டாரம் புதிதில்லை. பாலவனத்தத்திலிருந்து அருப்புக்கோட்டை தாண்டிப் போனால் திருச்சுழி. உலகை மூட வந்த வெள்ளத்தைச் சிவன் சூலத்தால் நிலத்தைக் குத்தி, சுழித்து உள்ளே இறங்க வைத்த இடம் என்று தலபுராணம் சொல்லும். ஊர்ப்பெயரே அந்தச் சுழிதான். ஒரு குடம் தண்ணீருக்கு அலைந்த ஊர்க்காரர்கள், வெள்ளத்தை உள்ளே இழுத்துக்கொண்ட பூமி என்று தங்கள் ஊருக்குக் கதை வைத்திருக்கிறார்கள் பாருங்கள். இந்தத் திருச்சுழியில் 1879-இல் பிறந்து, மதுரை அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்த ஒரு பையன் பின்னாளில் ரமண மகரிஷி ஆனார். எரியும் புதரிலிருந்து மோசேக்குக் கடவுள் தன் பெயரைச் சொல்லும் யாத்திராகம இடத்தை, வேதாந்தம் முழுவதும் இதில் அடக்கம் என்பதுபோல அவர் எடுத்துக்காட்டுவதுண்டு. ஆங்கிலத்தில் மரியாதையும் இல்லாமல் அவமரியாதையும் இல்லாமல் நிற்கும் அந்தப் பெயர், பழைய தமிழ்ப் பதிப்பில் 'அர்' விகுதி சேர்ந்து 'இருக்கிறவர்' ஆகிறது. கடவுளே தனக்கு மரியாதை கொடுத்துக்கொள்கிறார். வேறு வழி? 'இருக்கிறவன்' என்று போட்டால் சபை சும்மா விடுமா?

தமிழுக்குச் சொந்தமாக ஓர் 'அழிவுக்குப் பின்' கதை உண்டு. இறையனார் களவியல் உரை அதைச் சொல்கிறது. முதற்சங்கத்தையும் இடைச்சங்கத்தையும் கடல் கொண்ட சேதி எல்லோருக்கும் தெரியும். அதே உரையில் வரும் இன்னொரு கதை எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. பாண்டிய நாட்டில் பன்னிரண்டு வருஷ வற்கடம். உங்களைக் காப்பாற்ற என்னால் முடியாது, எங்கேயாவது போய்ப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்று அரசன் புலவர்களை அனுப்பிவிடுகிறான். மழை பெய்து நாடு நாடாகிறது. ஆளனுப்பித் தேடுகிறார்கள். எழுத்து தெரிந்தவர், சொல் தெரிந்தவர், யாப்பு தெரிந்தவர் எல்லாம் கிடைக்கிறார்கள். பொருளதிகாரம் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. எழுத்தையும் சொல்லையும் எதற்காகப் படிப்பது, பொருளுக்காகத்தானே என்று அரசன் கலங்குகிறான். ஆலவாய் இறைவன் அறுபது சூத்திரங்களைச் செப்பேட்டில் எழுதிப் பீடத்தின் கீழ் போட்டு வைக்கிறார்.

நூல் கிடைத்துவிட்டது, ஹாலிவுட்டாக இருந்தால் இங்கே படம் முடிந்திருக்கும். களவியல் உரை இங்கேதான் தொடங்குகிறது. ஆளாளுக்கு உரை சொல்கிறார்கள். எது சரி? நடுவராக உட்கார வைக்கப்படுவது உருத்திரசன்மன் என்ற ஐந்து வயதுச் சிறுவன். ஊமை. சரியான உரை கேட்டால் அவன் கண்ணில் நீர் வரும், மெய்ம்மயிர் சிலிர்க்கும். மருதனிளநாகனார் சொன்னபோது இடையிடையே வந்தது. நக்கீரர் சொன்னபோது பதந்தோறும் வந்தது. அந்த உரை பிறகு ஏட்டில் எழுதப்படாமல், ஆசிரியர் மாணவர் என்று பத்துத் தலைமுறை வாய்வழியாக இறங்கி, முசிறி நீலகண்டனாரிடம் வந்து சேர்ந்தது.

ஏலி ஒரே தலைமுறை. இவர்கள் பத்து. அல்காட்ராஸில் இல்லாத அந்தப் பிழைதிருத்துபவன் மதுரையில் இருந்தான், ஐந்து வயதில், வாய் பேசாமல்.

வாய்வழிப் பயணத்தை மேற்கத்திய சினிமா தொட்டதே இல்லை என்று சொல்ல முடியாது. பிரான்ஸுவா த்ரூஃபோ 1966-இல் எடுத்த 'ஃபாரன்ஹீட் 451' படத்தின் கடைசியில், புத்தகம் எரிக்கும் நாட்டிலிருந்து தப்பியவர்கள் காட்டில் ஆளுக்கொரு புத்தகமாக வாழ்கிறார்கள். சாகக்கிடக்கும் கிழவர் ஒருவர், தான் சுமந்த புத்தகத்தைச் சிறுவனுக்கு வரிவரியாகச் சொல்லிக்கொடுக்கிறார். பனி விழத் தொடங்குகிறது. ரே பிராட்பரியின் மூல நாவலில் (1953) நாயகன் சுமப்பது பிரசங்கி ஆகமம். த்ரூஃபோ அதை எடுத்துவிட்டு எட்கர் ஆலன் போவின் மர்மக் கதைகளைக் கையில் கொடுத்தார். புத்தகங்களைக் காப்பாற்றுவது பற்றிய படத்திலேயே புத்தகம் மாறிப்போயிற்று.

தார்கோவ்ஸ்கியின் 'ஸ்டாக்கர்' (1979) வேறு ஜாதி. தண்ணீரில் துருப்பிடித்துக் கிடக்கும் துப்பாக்கி, ஊசி, காசு மேல் கேமரா ஊர்ந்து போக, பெண்குரல் ஒன்று வெளிப்படுத்தின விசேஷத்திலிருந்து வாசிக்கும். யாரும் யாரையும் அந்த வார்த்தைகளைக் கொண்டு ஆளப் பார்ப்பதில்லை. அதற்கு நேர் எதிர் 1968-இன் 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்'. குரங்குகளின் உலகத்தில் விஞ்ஞான மந்திரியும் மறைநூல் காவலரும் ஒரே ஆள். தோண்டி எடுக்கும் உண்மை மறைநூலுக்கு ஒத்துவராவிட்டால் குகையை வெடிவைத்து மூடிவிடுவார். நம் பக்கம் 2024-இல் வந்த 'கல்கி 2898 ஏ.டி.' படத்தில் கங்கை வற்றிவிட்டது, காசி கடைசி நகரம். அங்கே புத்தகத்தை யாரும் சுமக்கவில்லை. மகாபாரதமே கிழவனாகி, அசுவத்தாமன் உருவில், சாவு வராமல் உட்கார்ந்திருக்கிறது. கிராபிக்ஸை மறந்துவிட்டாலும் அந்த யோசனை நிற்கிறது.

ஒருநாள் கிடைக்காத குறள்

இனிப் பாலவனத்தத்துக்கு வருவோம்.

பாண்டித்துரைத் தேவர் 1867-இல் பிறந்தவர். இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதிக்கு நெருங்கிய உறவு. விவேகானந்தரைச் சிகாகோவுக்கு அனுப்ப முன்னின்றவர் அந்தச் சேதுபதி. தேவரோ தமிழ்க் கவிதை, வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி என்று கையிலிருந்ததை எல்லாம் இறைத்தவர். மதுரையில் ஒரு சொற்பொழிவுக்கு வந்து தங்கியிருந்தபோது மேற்கோள் பார்க்கத் திருக்குறளும் கம்பராமாயணமும் கேட்டார் என்றும், ஊரெல்லாம் தேடியும் கிடைக்கவில்லை என்றும், சங்கம் வளர்த்த மதுரைக்கு இந்தக் கதியா என்ற ஆத்திரத்தில் நான்காம் சங்கத்தைத் தொடங்கினார் என்றும் சொல்வார்கள். ஆண்டு 1901. சங்கத்தோடு பாண்டியன் புத்தகசாலை, அச்சகம், 'செந்தமிழ்' மாத இதழ் எல்லாம் வந்தன. ஆ.சிங்காரவேலு முதலியார் தனி ஆளாகத் தொகுத்த 'அபிதான சிந்தாமணி'யை 1910-இல் வெளியிட்டதும் மதுரைத் தமிழ்ச்சங்கம்தான். தேவரே பல நூல்களிலிருந்து பாட்டுகளைப் பொறுக்கி 'பன்னூற்றிரட்டு' என்று ஒரு தொகுப்பும் செய்தார்.

இது ஏலி பாதி. இன்னொரு பாதியைப் பாடநூல்கள் மெல்லிய குரலில்தான் சொல்கின்றன. ஸ்காட் என்ற ஓர் ஆங்கிலேயர் தமிழ் படித்தார்; குறளில் எதுகை மோனை சில இடங்களில் சரியாக விழவில்லை என்று கண்டுபிடித்தார்; விழாத இடங்களில் தானே சொல்லை மாற்றி, திருத்திய குறளாக அச்சிட்டும் விட்டார். செய்தி எட்டியதும் தேவர் அவரிடம் போய், எதிர்ப்பு எதையும் காட்டிக்கொள்ளாமல், பிரதிகள் அத்தனையையும் கைக்காசு கொடுத்து வாங்கிவந்து, குழிவெட்டிப் போட்டுக் கொளுத்தினார் என்பது தமிழ்நாட்டில் வழிவழியாக வரும் கதை.

இங்கே அவர் ஏலியா, கார்னகியின் பக்கமா? பைபிளை எரித்த அந்த ஜனங்களில் ஒருவரா? முதல் தடவை இந்தக் கதையைக் கேட்டபோது எனக்கும் கைதட்டத் தோன்றியது. இப்போது அத்தனை எளிதாக வரவில்லை. வேதநாயக சாஸ்திரியாரின் சீற்றமும் தேவரின் தீயும் ஒரே அடுப்பில் பிறந்தவை. சொல்லில் கைவைக்காதே. எனக்கு இந்தக் கோபம் புரிகிறது. நக்கீரருக்குக் கண்ணீர் விட்ட சிறுவனும் இதற்காகத்தான் உட்கார்ந்திருந்தான். ஆனால் அவன் மற்ற உரைகளை எரிக்கச் சொல்லவில்லையே. ஒரே ஒரு பிரதியையாவது பாண்டியன் புத்தகசாலையில் பூட்டி வைத்திருக்கலாம். பொல்லாத பைபிளே அபராதத்தையும் அழிப்பையும் தாண்டிச் சில பிரதிகள் மிஞ்சி, இன்று நூலகங்களில் கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கிறது. அந்தப் பிழையைப் பார்க்கவே கூட்டம் வருகிறது.

வேறொரு கணக்கும் இருக்கிறது. ஸ்காட் பிரதிகளைத் தேவர் வாங்க முடிந்தது, எரிக்க முடிந்தது. காரணம் திருத்தாத குறள் வேறு இடங்களில் இருந்தது, பரிமேலழகர் உரை இருந்தது, வீரமாமுனிவர் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனிலும், ஜி.யு.போப் 1886-இல் முழுவதையும் ஆங்கிலத்திலும் கொண்டுபோயிருந்தார்கள். கார்னகியின் ஊரில் இப்படி எரிக்க யாருக்கும் துணிச்சல் வராது. அங்கே இருப்பது ஒன்றுதான்.

தேவரின் தகப்பனார் பொன்னுசாமித் தேவர், இராமநாதபுர சமஸ்தானத்தில் அதிகாரம் செலுத்தியவர். அவருடைய அவையில் பழனி மாம்பழக் கவிச்சிங்க நாவலர் என்று ஒரு புலவர் இருந்தார். பிள்ளைப் பருவத்திலேயே அம்மை கண்டு இரண்டு கண்ணும் போனவர். கேட்டதை ஒரே கேள்வியில் மனத்தில் வாங்கிக்கொள்வார் என்று பெயர். அந்த அவையில் இருந்தவர்களுக்கு டென்சல் வாஷிங்டனைப் பார்த்து ஆச்சரியப்பட எதுவும் இருந்திருக்காது.

பொன்னுசாமித் தேவரோடு தொடர்புடைய இன்னொரு நாவலர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். சைவத்துக்காக மிஷனரிகளோடு ஆயுள் முழுக்கப் போராடியவர். இளமையில் அவர் செய்த வேலை, யாழ்ப்பாணத்தில் பீட்டர் பர்சிவல் பாதிரியாருக்கு வேதாகமத் தமிழைத் திருத்திக் கொடுப்பது. வெண்ணீறு பூசிய நெற்றியோடு அவர் செப்பம் செய்த அந்த மொழிபெயர்ப்பு 1850-இல் சென்னையில் அச்சாயிற்று. தமிழ் நேர்த்தியாக இருந்தது. தமிழ்நாட்டுச் சபைகளுக்கோ அது பிடிபடவில்லை, பப்ரிசியஸையே பிடித்துக்கொண்டார்கள். அந்த வேதம் வாசிப்பாரில்லாமல் ஒதுங்கிப்போனது. அதைத் திருத்திய கை அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் திருக்கோவையார் உரையையும், திருக்குறளைப் பரிமேலழகர் உரையோடும் பிழையில்லாமல் அச்சுக்குக் கொண்டுவந்தது. இரண்டுக்கும் கேட்டுக்கொண்டு உதவியவர் பொன்னுசாமித் தேவர்.

ஆக, 1860-களின் தொடக்கத்தில் தகப்பன் துணையில் அச்சான குறள், நாற்பது வருஷம் கழித்து மகன் கேட்டபோது மதுரையில் ஒரு பிரதி கிடைக்கவில்லை. இடையில் வானம் கிழியவில்லை. யாரும் எரிக்கவில்லை. தாது வருஷப் பஞ்சம் ஒன்றுதான் வந்து போயிருந்தது.